லிஃப்டில் உட்கார்ந்த சீதாலட்சுமி மாமி

2001ஆம் வருஷ மழைக்காலத்தில், பெங்களூர் அடுகோடியில் ஆட்டோக்காரரிடம் மந்தாரா அபார்ட்மென்ட்ஸ் என்று சொன்னால் எந்தத் தெரு என்று திருப்பிக் கேட்பார். லிஃப்டுக்குள்ளே நாற்காலி போட்டு ஒரு மாமி உட்கார்ந்திருப்பாரே, அந்தக் கட்டிடம் என்றால் நேராக வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்.

நானும் அம்மாவும் அந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், மாமியின் எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீட்டின் சொந்தக்காரர் தினேஷ் துபாயில் இருந்தார். இரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் நடுவே ஆறடிதான். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி கதவு வழியாகக் காதில் விழுந்தது.

சீதாலட்சுமியின் அப்பா மைசூர் சமஸ்தானம் இருந்த நாளிலேயே அரசு வேலையில் சேர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். மாமி இருபது வயதில் அரசுக் கருவூலத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். முப்பத்தொரு வருஷம் அங்கே பில் சரிபார்த்தார். அந்த வேலை அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் முழுக்கப் படிப்பார். பிறகு எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் எங்கே காலி இடம் இருந்தாலும் குறுக்கே ஒரு சாய்கோடு இழுப்பார். பின்னால் யாரும் எதையும் நுழைக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் கோடு நிற்கவில்லை. பால் கார்டில் கோடு, இஸ்திரிக்காரன் நோட்டில் கோடு.

"எங்க கல்யாணப் பத்திரிகையிலயே அடில கோடு போட்டிருப்பா. பிரிண்டர் ஒத்துக்கலை" என்பார் அவர் கணவர் அனந்தபத்மநாபன்.

மாமா இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையைப் போட்டு 1995இல் இந்த ஃப்ளாட்டை வாங்கினார்கள். தினமும் காலை ஆறரைக்கு மாமா லிஃப்டில் இறங்குவார். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு தமிழ்ப் பேப்பர், ஒரு கன்னடப் பேப்பர் வாங்கி அங்கேயே நின்று தலைப்புச் செய்திகளைக் கடைக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். கடைக்காரருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்வார். எட்டு மணிக்கு மாமா மேலே வருவார்.

2000ஆம் வருஷம் அக்டோபரில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பி, ஆறேழு மாதத்தில் கைத்தடி பிடித்து ஹாலுக்கும் பின்பக்கப் பால்கனிக்கும் நடக்கத் தொடங்கினார். சமதளத்தில் நடப்பார். படி மட்டும் முடியாது. இடது கால் தூக்காது. லிஃப்ட் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் தேறினால் கடை வரைக்கும் போகலாம் என்றார் டாக்டர்.

அடுத்த ஜூனில் லிஃப்ட் தரைத் தளத்தில் வந்து நின்றது. பிறகு கிளம்பவில்லை. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு மோட்டார் போய்விட்டது, கயிறு போய்விட்டது, பேனல் போய்விட்டது, எல்லாம் புதிதாகப் போட மூன்று லட்சத்து இருபதாயிரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தான்.

மாமி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். "இருக்கே! நம்மகிட்ட இருக்கே!" என்று மாமாவிடம் சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது. 1996 ஜனவரி முதல் 2000 டிசம்பர் வரை, அறுபது மாதம், இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் மாதம் இருநூற்றைம்பது ரூபாய் லிஃப்ட் நிதிக்கென்று தனியாகக் கட்டியிருந்தார்கள். மூன்று லட்சத்து அறுபதாயிரம். வட்டி வேறு. "தீபாவளிக்குள்ள நீங்க கீழ போயிடலாம்னா."

மாமா படி எண்ணிக்கை வைத்திருந்தார். மாடிக்குப் பதினெட்டு. மூன்று மாடிக்கு ஐம்பத்து நான்கு.

ஜூலை பிறந்தும் புது மோட்டார் வரவில்லை. மாமி கட்டிடச் சங்கத்தின் பொருளாளர் சீனிவாசராகவனிடம் போய், லிஃப்ட் நிதி பாஸ்புக்கை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். அவர் அப்போது ஸ்டூல் மேல் ஏறிப் படிக்கட்டுக்குப் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். சம்பில் தண்ணீர் இல்லையென்றால் விடிவதற்குள் லாரிக்கு ஃபோன் போடுகிறவர் அவர்தான். ஆறு வருஷமாக அந்தப் பதவியை வேறு யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"தாராளமா பாக்கலாம் மாமி. ஆனா புக்ஸ் எல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்கு."

ஆகஸ்டில் ஆடிட்டர் திருப்பதி போயிருந்தார். செப்டம்பரில் ஆடிட்டரின் அசிஸ்டென்டுக்கு மஞ்சள் காமாலை. அதன் பிறகு புத்தகங்கள் ஆடிட்டரிடமிருந்து திரும்பி வந்துவிட்டன, ஆனால் பீரோ சாவி தலைவர் ஆஸ்வால்டிடம் இருந்தது. ஆஸ்வால்டைக் கேட்டால் சாவி சீனிவாசராகவனிடம் என்றார்.

மாமி கடிதம் எழுத ஆரம்பித்தார். கார்பன் வைத்து இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு. மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வர வேண்டியது வாட்ச்மேன் பச்சைமுத்துவின் வேலை.

"இத்தோட ஏழாவது மாமி. போஸ்ட்மேனு கூட என்னாண்ட இத்தினி லெட்டர் குட்த்ததில்ல."

"கையெழுத்து வாங்கினியா?"

"வாங்கினேன். கதவத் தொறக்கல. ஜன்னல் வழியா கைய மட்டும் வுட்டுப் போட்டாரு."

இரண்டாம் மாடி மமதா படியில் எதிர்ப்பட்டால் புன்னகையோடு கேட்பார்: "என்ன மாமி, ரிடயர் ஆகியும் ஆபீஸ்ல லீவ் குடுக்கலயா?" மமதாவின் கணவர் ரவி ஒருபடி மேலே போய், மாமியைக் கண்டால் இல்லாத ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வதுபோல் நடித்துக் காட்டுவார். மாமி இதற்கெல்லாம் முகம் மாறவில்லை.

மாறியது ஒரே ஒரு தடவை. சீனிவாசராகவனின் மனைவி ஜெயலக்ஷ்மி மாடியேறி வந்தபோது. முதல் மாடி ஜெயலக்ஷ்மிதான் இந்தக் கட்டிடத்தில் மாமிக்கு இருந்த ஒரே சிநேகிதி. வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்கு இருவரும் ஒரே பையோடு போய் வந்து வாசலில் உட்கார்ந்து காயைப் பிரித்துக்கொள்வார்கள். மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு ராத்திரி பெஞ்சில் படுத்தவரும் அவர்தான்.

"ஏண்டி சீதா, எங்காத்துக்காரரைத் திருடன்னு நினைக்கறயா?"

"அப்படி நினைச்சா போலீசுக்குப் போயிருப்பேனே. உங்காத்துக்கு ஏன் வரேன்?"

"பின்ன எதுக்குடி லெட்டர் மேல லெட்டர்? கட்டடமே சிரிக்கறது."

"பாஸ்புக் நாலு அங்குலம் இருக்கும் ஜெயா. அதைக் காட்ட நாலு மாசமா?"

ஜெயலக்ஷ்மி இறங்கிப் போனார். மாமி வெகுநேரம் கதவைச் சாத்தவில்லை.

ஃப்ளாட் வாங்கியபோது எல்லோருக்கும் சங்க விதிகள் அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஆடுகிற மேஜைக்கால் அடியில் இருந்தது. மாமி அதைப் படித்திருந்தார். இருபத்தேழாவது விதி: ஏழு நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால், எந்த உறுப்பினரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடலாம்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, சரியாகப் பத்துக்கு மாமி ஐம்பத்து நான்கு படி இறங்கிச் சங்க அறைக்கு வந்தார். படிக்கட்டுக்கு அடியில் லிஃப்டை ஒட்டிய சின்ன அறை அது. பூட்டியிருந்தது. அரை மணி நின்றார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. பச்சைமுத்துவின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி லிஃப்டுக்குள் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டுக்கு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு வரும்போதே முறத்தில் பீன்ஸும் கத்தியும் கொண்டுவந்தார்.

"இங்க ஏன் மாமி உக்காந்துகினு? வீட்ல உக்காருங்களேன், ரூம் தொறந்தா நானே வந்து சொல்றேன்" என்றான் பச்சைமுத்து.

"பத்துலேர்ந்து பன்னெண்டு என் டைம். ரூல்ல இருக்கு. ரூம் பூட்டியிருந்தா அது அவா தப்பு. நான் வரலைன்னா அது என் தப்பு."

குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். "எந்த மாடி மாமி?" என்று கேட்பார்கள். "மூணாவது." "ஏன் போகல?" "டிரைவர் இன்னும் வரலை." மூன்றாவது வாரம் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மேலே மாமா பால்கனியில் காத்திருந்து, "இன்னிக்கு எந்த மாடி வரைக்கும் போனே?" என்று கேட்பார். தீபாவளி போயிற்று.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறை ஜன்னலுக்கு எதிரே உள்ள குழாயடியில் ஸ்கூட்டர் கழுவுவேன். சங்க விஷயத்தில் வாடகைக்காரர்களுக்கு வாய் கிடையாது. காது உண்டு. அந்த வருஷம் என் ஸ்கூட்டர் அளவுக்குச் சுத்தமான ஸ்கூட்டர் பெங்களூரில் இருந்திருக்காது.

நவம்பர் கடைசியில் விஷயம் முடிவுக்கு வந்தது. அது பீன்ஸால்தான். தலைவர் ஆஸ்வால்ட் நான்காவது மாடி. ஃப்ளாட்டை விற்றுவிட்டு மகளோடு ஆஸ்திரேலியா போக நினைத்திருந்தார். ஒரு ஞாயிறு பதினோரு மணிக்குத் தரகர் ஓர் இளம் தம்பதியை அழைத்துவந்து, "லிஃப்ட் ஃபெசிலிட்டி இருக்கு மேடம்" என்று திரும்பினார். உள்ளே மாமி பீன்ஸ் நாரைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இது ஒர்க் ஆகலயா ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"லிஃப்ட் இருக்கும்மா. பணம் எங்கேன்னுதான் தெரியலை."

அவர்கள் நான்காவது மாடி ஏறவே இல்லை. அன்று சாயங்காலம் ஆஸ்வால்ட் முதல் மாடிக் கதவைத் தட்டிய தட்டில் நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். "ராகவன், காமிச்சுடு மேன்! ஒரு பீன்ஸ் கட் பண்ற லேடிக்கு பயந்துக்கினு சும்னே எத்தனை நாள் ஒளிவே? என் ஃப்ளாட் போச்சு மேன்!"

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அறை திறந்திருந்தது.

இங்கே நான் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மந்தாராவில் பொதுக்குழு என்று அறிவித்தால் ஐந்து பேர் வருவார்கள். கோரத்துக்குக் குறைந்தபட்சம் பதினாறு பேர் வேண்டும். அதனால் கூட்டம் முடிந்த பிறகு மினிட்ஸ் புத்தகம் வீடு வீடாக வரும். மேலே தேதி மட்டும் எழுதியிருக்கும். பக்கத்தின் அடிப்பாதியில் எல்லோரும் வருகைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் காலி. தீர்மானத்தைச் சீனிவாசராகவன் பிற்பாடு சாவகாசமாக எழுதுவார். கேட்டுக்கு என்ன நிறம், வாட்ச்மேனுக்கு எவ்வளவு போனஸ், இப்படி. யாருக்கும் அதில் கவலை இருந்ததில்லை. மாமிக்கு மட்டும் கை சும்மா இருக்காது. காலி இடத்தில் சாய்கோடு இழுத்துவிட்டுத்தான் போடுவார். சீனிவாசராகவன் பல்லைக் கடித்துக்கொண்டு தீர்மானத்தை அடுத்த பக்கத்தில் எழுதி, மறுபடி கையெழுத்துக்கு அலைவார். பிறகு புத்தகத்தை மாமியிடம் கடைசியாகத்தான் கொண்டுவருவது, அதுவும் தீர்மானம் எழுதிய பிறகு என்று ஆகிவிட்டது.

அறைக்குள் மாமி முதலில் பாஸ்புக்கைப் படித்தார். 2000 அக்டோபர் 16: மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் எடுக்கப்பட்டிருந்தது. அதற்கப்புறம் வசூலான பதினெட்டாயிரமும் சேர்ந்திருந்த வட்டியும் தண்ணீர் லாரிக்குப் போயிருந்தன. பிறகு ஒன்றுமில்லை.

ஃபைலில் ஒரு டெபாசிட் ரசீது. நகரத்தில் அப்போது மூலைக்கு மூலை முளைத்திருந்த ஃபைனான்ஸ் கம்பெனிகளில் ஒன்று. இருபத்தொரு சதவீத வட்டி, இரண்டு வருஷம். ரசீதுக்குப் பின்னால் ஒரு செய்தித்தாள் துண்டு. அந்தக் கம்பெனி ஜனவரியில் மூடிவிட்டது, முதலாளியைக் காணவில்லை. மாமிக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருந்தது. மாமா அதைச் சத்தமாகப் படித்தபோது, "ஐயோ பாவம், யார் யார் வயித்துல அடிச்சானோ" என்று சொன்னவரே அவர்தான்.

ரசீதின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஏஜென்ட், திருமதி ஜெயலக்ஷ்மி" என்று வாய்விட்டுப் படித்தார்.

சீனிவாசராகவன் ஜன்னலைப் பார்த்தார்.

"கமிஷன் எவ்வளவு குடுத்தான்?"

"மாமி, அது வந்து, எல்லா லேடீஸும் அப்போ—"

"எத்தனை பர்சென்ட்?"

"ரெண்டு."

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றார் மாமி, காகிதம் பென்சில் இல்லாமல். "யாரைக் கேட்டுண்டு அங்க போட்டேள்?"

இந்தக் கேள்விக்குத்தான் சீனிவாசராகவன் காத்திருந்தார் என்று தோன்றியது. மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, தயாராக அட்டை வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மாமி பக்கம் தள்ளினார். "நானா போடலை மாமி. ஜெனரல் பாடி ஏகமனதா சொன்னது. பாருங்கோ. நீங்களும்தான்."

2000 அக்டோபர் 14. லிஃப்ட் நிதியை மேற்படி கம்பெனியில் இடுவதென்று தீர்மானம். கீழே பதினேழு கையெழுத்து. ஒன்பதாவது, சீதாலட்சுமி. அவருடையதேதான்.

ஸ்கூட்டருக்கு ஊற்ற எடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைய தேதி அவருக்கு மறந்திருக்க வழியில்லை. மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த நாள். கட்டிலில் படுக்க வைத்து நிமிர்ந்தபோது வாசலில் ஜெயலக்ஷ்மி. ஒரு கையில் டிபன் கேரியர், கக்கத்தில் புத்தகம். "கோரம் சேரலைடி, வெறும் அட்டென்டன்ஸ்தான். ஆளே மயங்கற மாதிரி இருக்கே நீ. ரசம் ஆறறதுக்குள்ள மாமாவுக்குக் குடு." மாமி இடது கையில் கேரியரை வாங்கினார். வலது கையால் போட்டார். கோடு இழுக்கவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் ஒரு தடவை.

"எங்காத்துக்கு எப்பவும் புக்கு கடைசியாத்தானே வரும்?" என்று மெதுவாகக் கேட்டார் மாமி. "இது எப்படி ஒன்பதாவது?"

சீனிவாசராகவன் புத்தகத்தை மூடப் போனார்.

"எனக்குப் பின்னாடி போட்ட எட்டு பேருக்கும் என் கையெழுத்தைக் காமிச்சேளா?"

அந்த எட்டில் ஒருவனாக என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். அன்று சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டிய ஜெயலக்ஷ்மி, "வீட்டுக்காரர் துபாய்லதானேப்பா, அவருக்குப் பதிலா நீ போட்டுடேன், வெறும் அட்டென்டன்ஸ்" என்றார். நான் தயங்கினேன். "பாரு, சீதாவே போட்டுட்டா. ஒரு கோடு கூட இல்லை" என்று விரலால் காட்டினார். மாமியே கோடில்லாமல் போட்ட பக்கத்தில் பயப்பட என்ன இருக்கிறது? தினேஷின் கையெழுத்தை வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து வரைந்தேன்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு கார் நிறுத்துமிடத்தில் பொதுக்குழு. விஷயம் பரவியிருந்ததால் இந்த முறை இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சீனிவாசராகவன் தீர்மானத்தைப் படித்தார். அதிக வட்டி வந்தால் பராமரிப்புக் கட்டணம் குறையும் என்று எல்லோரும் ஆசைப்பட்டது உண்மையா இல்லையா என்று கேட்டார். கம்பெனி ஓடிப்போனதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டபோது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. அவருடைய சொந்தப் பணமும் அதில் கொஞ்சம் போயிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாமி எழுந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"நான் காலிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டேன். போட்டது என் தப்பு. ஆனா இந்தத் தீர்மானம் அப்போ அதுல இல்லை. ஏஜென்ட் யாருன்னு எனக்கு யாரும் சொல்லலை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டா. காலிப் பக்கத்துலதான் போட்டோம்னு இன்னும் யாராவது சொல்லுங்கோ. நாலு பேர் சொன்னாப் போறும், ரிஜிஸ்ட்ராருக்கு எழுதலாம். கமிஷனையாவது திருப்பிக் கேக்கலாம். எங்காத்துக்காரர் ஒரு வருஷத்துக்கு மேலா தெருவைப் பாக்கலை."

பதினேழு பேரில் பதினைந்து பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் படிக்காமல்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அதை வாயால் சொல்வது வேறு. சிலர் கார் டயரைப் பார்த்தார்கள். ரவி தொண்டையைக் கனைத்தார்.

"மாமி, தப்பா எடுத்துக்காதீங்க. முப்பது வருஷம் கருவூலத்துல இருந்தவங்க நீங்க. நீங்களே படிக்காம சைன் பண்ணியிருக்கீங்கன்னா நாங்கல்லாம் என்ன மாமி?"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். இறுக்கம் விட்டுப்போனது போல ஒரு சிரிப்பு. மாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை ஒவ்வொரு முகமாக வந்தது. கடைசியில் குழாயடிப் பக்கமும் வந்தது. நான் குனிந்து பின்சக்கரத்தைத் துடைத்தேன். சொன்னால் தினேஷுக்குத் தெரியும், தினேஷுக்குத் தெரிந்தால் வீடு போகும், அம்மாவோடு எங்கே போவது என்று அந்தச் சக்கரத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெயலக்ஷ்மி முதல் மாடி ஜன்னலில் நின்றிருந்தார். மாமி அங்கே மட்டும் பார்க்கவில்லை.

புதிதாக வீட்டுக்குப் பதினைந்தாயிரம் வசூலிப்பது, அதையும் பத்துத் தவணையில் என்று முடிவாயிற்று. மேல் மாடிக்காரர்களுக்குத்தானே லிஃப்ட், அவர்கள் கூடக் கொடுக்கட்டும் என்று முதல் மாடியில் ஒருவர் கிளப்பினார். அந்தப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. மாமி அதற்குள் மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்தார்.

அன்று மாலை மாமாவின் குரல் கேட்டது. "ஹோக்லி, விடு சீதா. பணம்தானே."

"பணத்துக்காக இல்லை" என்றார் மாமி. "அவ ரசத்துல மிளகு கூடப் போட்டிருந்தா. உங்களுக்குப் பிடிக்கும்னு."

லிஃப்டில்லாத மூன்றாவது மாடி வீட்டை வந்த விலைக்கு விற்றார்கள். பொம்மனஹள்ளியில் தரைத் தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பிப்ரவரியில் கிளம்புவதற்கு முந்தின நாள், எங்கள் வீட்டு இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க மாமி வந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.

"தினேஷ் கையெழுத்தை நன்னாத்தான் போடறே" என்றார், தட்டை என் கையில் வைத்தபடி. "அவர் அவ்வளவு அழுத்திப் போட மாட்டார்."

தட்டை மறு கைக்கு மாற்றினேன்.

"வாடகைக்கு இருக்கேள். உங்கம்மா இருக்கா. தெரியும்" என்றார். "இருந்தாலும் நீயா சொல்லுவேன்னு நினைச்சேன்." குரலில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை, மாமாவை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் இடுப்பைக் கட்டி, பச்சைமுத்துவும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் மாமா வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்தாறு ஆனபோது முதல் மாடி. அங்கே ஜெயலக்ஷ்மி புத்தகத்தோடு நின்றிருந்தார். சீனிவாசராகவன் வெளியே வரவில்லை. வீட்டை விற்றுப் போகிறவர் பாக்கி ஒன்றுமில்லை என்று சங்கப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத்தான் போக வேண்டும்.

"ஒண்ணுமில்லடி" என்றார் ஜெயலக்ஷ்மி. மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. "வெறும் ஃபார்மாலிட்டி."

மாமி கண்ணாடியை எடுத்து மாட்டினார். பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஆள்காட்டி விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த நான்கு பேரும் எடையை மாற்றி மாற்றி நின்றார்கள்.

"சீதா, பாவம், அவா கை வலிக்கும்" என்றார் மாமா.

"பரவால்ல சாமி, படிக்கட்டும். கீழ வெச்சுக்கறோம்" என்றான் பச்சைமுத்து. நாற்காலியை இறக்கினார்கள்.

மாமி அவசரப்படவில்லை. ஒரு தொகையில் விரலை நிறுத்தி மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து, ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை நீளமாகச் சாய்கோடு இழுத்தார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவை மூடிப் புத்தகத்தின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"போய் ஃபோன் பண்ணுடி" என்றார் ஜெயலக்ஷ்மி.

"தூக்கிக்கோங்கோப்பா" என்றார் மாமி, ஆட்டோக்காரர்களிடம்.

மீதிப் பதினெட்டுப் படி. வாசல் வெயிலில் நாற்காலியை வைத்தார்கள். மாமாவுக்குக் கண் கூசிற்று. கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ரோட்டை அகலம் பண்ணிட்டானா சீதா?"

"இல்லைன்னா. அதே ரோடுதான்."

"கடை இருக்கா?"

"இருக்கு. போற வழில நிறுத்தச் சொல்றேன்" என்று மாமி ஆட்டோவில் ஏறி, அவர் உட்கார இடம் ஒதுக்கினார்.